வாசலறைக்கு ஆள் வந்தாச்சு

யாரும் படுக்காத கட்டிலின் விரிப்பை விசாரணையார் சனிக்கிழமைதோறும் மாற்றிவிடுவார். இன்றைக்கும் மாற்றினார். கசங்காத விரிப்பை உருவிப் போட்டுவிட்டு, அதே போல் கசங்காத இன்னொன்றை விரித்தார். தலையணைக்கு உறை மாட்டும்போது, "கொஞ்சம் பொறு, மூலை சரியா உக்காரல" என்று அதனிடம் சொல்லவும் செய்தார். வீட்டில் பேச வேறு ஆள் கிடையாது. தலையணை குறுக்கே பேசாது என்பது ஒரு வசதி.

சென்ற வாரம் மகள் போனில் சொன்னது நினைவிருக்கும். "சனிக்கிழமை வர்றேன்ப்பா. சாயங்காலம் தரகர் வீடு பார்க்க ஆளைக் கூட்டிட்டு வர்றார். இந்தத் தடவை சாக்குப்போக்கு சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள். வீட்டை விற்றுவிட்டு அவளோடு போய் இருக்க வேண்டும் என்பது அவள் முடிவு. மருந்துக்கடை நடத்துகிறவள். எந்த நோய்க்கும் கையில் ஒரு மாத்திரை வைத்திருப்பாள். அப்பாவின் தனிமைக்கு அவள் எழுதிய மாத்திரை இதுதான்.

இந்தக் கதைக்குள் இன்றுதான் நுழைகிறவர்களுக்கு வாசலறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

தெருவைப் பார்த்த அறை அது. தெருப்பக்கம் ஒரு கதவு, வீட்டுக்குள் திறக்க இன்னொரு கதவு. இரண்டுக்கும் பூட்டு கிடையாது. உட்புறம் தாழ்ப்பாள் மட்டும் உண்டு. தெருக்கோடியில் பெரிய ஆஸ்பத்திரி. விசாரணையாரின் தாத்தா ஒரு கொத்தனார். நோயாளிப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இந்த ஊருக்கு வந்தபோது, ஒதுங்க இடம் கிடைக்காமல் அந்த ஆஸ்பத்திரிச் சுவரோரமே கிடந்தவர். பின்னாளில் மனை வாங்கி வீடு கட்டியபோது முதலில் எழுப்பியது இந்த அறையைத்தான். "வீடு ஆண்டவரோடது. நாம பார்த்துக்கறவங்க, அவ்வளவுதான்" என்பாராம்.

அறைக்கென்று சட்டம் உண்டு. வருகிறவரிடம் பெயர் கேட்கக் கூடாது. எதற்கு வந்தாய் என்று கேட்கக் கூடாது. எப்போது போவாய் என்று கேட்கவே கூடாது. ஜன்னலில் திரை இழுத்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் உள்கதவுக்கு இந்தப் பக்கம் நின்று வீட்டார் ஜெபம் பண்ணுவார்கள். அந்தப் பக்கம் இருப்பவர் சேர்ந்துகொண்டாலும் சரி, காதைப் பொத்திக்கொண்டாலும் சரி. போகிறவர் விரிப்பை மடித்து உள்கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார்.

இதில் ஆண்டவர் ஒரு குறும்பும் செய்தார். கேள்வியே கேட்கக் கூடாத அறையை, கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவரிடம் ஒப்படைத்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரியாக இருந்தவர் நம்மவர். தீப்பிடித்த கடை, காணாமல் போன லாரி என்று எல்லாவற்றையும் தோண்டித் துருவியவர். 'விசாரணையார்' என்ற பட்டம் ஆபீசில் கிடைத்தது. வேலை போன பிறகும் பட்டம் போகவில்லை.

மனைவி இருந்தவரை அவர் வாய்க்கு அவள்தான் தாழ்ப்பாள். உள்கதவுப் பக்கம் அவர் கால் நகர்ந்தாலே சமையலறையிலிருந்து ஒரு செருமல் வரும். ஜெபமும் அவள்தான் பண்ணுவாள். ஆமென் சொன்ன அதே மூச்சில், உள்ளே இருப்பவருக்கு அறிவிப்பும் கொடுத்துவிடுவாள். "ஆமென். தண்ணி வெளியில இருக்கு, போர்வை பெட்டியில இருக்கு."

"ஜெபத்தையும் தண்ணியையும் ஒரே மூச்சுல சொல்றியே" என்று இவர் குறைப்பட்டால், "ஆண்டவர் ஒண்ணும் குழம்பிட மாட்டார். உங்களுக்குத்தான் கஷ்டம்" என்பாள்.

அவள் போய்ச் சேர்ந்தாள். அதே சமயம் ஆஸ்பத்திரிக்காரர்களும் நோயாளியின் உறவினர் தங்குவதற்கென்று சொந்தமாக ஒரு கட்டிடம் எழுப்பிவிட்டார்கள். நல்ல காரியம்தான், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அதற்காக நன்றி சொல்லி ஜெபித்தார்கள். விசாரணையாரும் தலை குனிந்துகொண்டார். ஆனால் அன்றிலிருந்து வாசலறைத் திரை இழுபடவே இல்லை. அவருக்கு வீடே பெரிதாகிப் போயிற்று. தன் செருப்புச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நடந்தார்.

மகன் ஒருவன் இருந்தான். லிஃப்ட் பொருத்துகிற வேலை. அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போதே அவனை நிறுத்திவைத்துக் கேட்டார் இவர். "சர்ச்சுக்குப் போறதை எப்ப நிறுத்தின? ஏன் நிறுத்தின? உன் பொண்ணுக்கு ஒரு ஜெபமாவது சொல்லிக் குடுத்திருக்கியா, இல்லையா?"

அவன் பதில் சொல்லவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த தன் குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து போன்கூட இல்லை.

தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும், அப்பாவிடமிருந்து தனக்கும் வந்தது தன்னோடு முடிந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு அன்றிலிருந்து உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை. தலையணையிடம்கூடச் சொன்னதில்லை.

*

பஸ் நிற்குமிடத்திலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பும்போது விசாரணையார் தெரு நடுவில் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னப்பா? மூச்சு வாங்குதா?"

"ஜன்னலைப் பாரு."

வாசலறை ஜன்னலில் திரை இழுத்திருந்தது.

"நீங்க இழுத்துவிட்டுட்டு வந்திருப்பீங்க."

"நானா? விரிப்பு மாத்தினப்ப வெயில் உள்ள விழட்டும்னு நல்லா ஒதுக்கி விட்டேன். அம்மாடி, ஆள் வந்திருக்கு!"

அவருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். குழந்தை தூங்குகிற வீட்டில் நடப்பதுபோல் நடந்தார். மகள் பையை இறக்கி வைப்பதற்குள் அவர் அடுப்பில் முட்டை வேகப் போட்டாயிற்று. ரொட்டியை வாட்டி, வெண்ணெய் தடவி, தேநீர் கலந்து, மனைவி வைத்துக் கொடுக்கிற அதே மரத்தட்டில் எல்லாவற்றையும் அடுக்கினார்.

"அவங்க தங்கறதுக்கு ஆஸ்பத்திரியிலேயே இடம் இருக்கேப்பா. இங்க எதுக்கு வரணும்? திருடனா இருந்தா?"

"திருடன் திரையை இழுத்துவிட்டுட்டுப் படுப்பானா? திருட அங்க என்ன இருக்கு? தலையணையா?"

"பேராவது கேளுங்க."

"கேக்கக் கூடாது" என்றார் விசாரணையார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தட்டை உள்கதவருகே முக்காலியில் வைத்து, லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு விலகிவிட்டார். சிறிது நேரம் கழித்து வந்து பார்த்தபோது தட்டு காலியாகி வெளியே இருந்தது. முட்டை இல்லை, தேநீர் இல்லை. ரொட்டியின் ஓரங்கள் மட்டும் கடிபடாமல் வரிசையாகக் கிடந்தன.

விசாரணையார் குனிந்து ஆராய்ந்தார். பழைய தொழில் விடுமா?

"பல் இல்லாதவங்க. வயசானவங்க. தனியாத்தான் வந்திருக்கணும். ராத்திரிக்கு ஓரத்தை வெட்டிட்டு, சூப்புல ஊற வெச்சுக் குடுக்கணும்."

"பேர் கேக்கக் கூடாது, ஆனா பல்லை எண்ணலாம். நல்ல சட்டம்ப்பா!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவர் அந்தத் தட்டைக் கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி துடைப்பதைக் கண்டதும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு எச்சில் தட்டுக்கு ஒரு மனிதர் இத்தனை சந்தோஷப்படுவாரா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

*

தரகர் சொன்னபடி வந்தார். கூட ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். தரகர் சுவரைத் தட்டி, "இரும்பு மாதிரி" என்றார். குழாயைத் திறந்து, "அருவி மாதிரி" என்றார். கடைசியில் வாசலறைக் கதவில் கை வைக்கப் போனார்.

"அது முடியாது" என்றார் விசாரணையார்.

"ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துட்டு..."

"உள்ள ஆள் இருக்காங்க."

"வாடகைக்கா? எப்ப காலி பண்ணுவாங்க?"

"அதைக் கேக்கக் கூடாது."

தரகர் மகளைப் பார்த்தார். வந்த பெண்மணி கணவனைப் பார்த்தாள். யாரென்று தெரியாதவர், எப்போது போவாரென்று கேட்கவும் கூடாது என்றால் எந்த மகராசி அந்த வீட்டை வாங்குவாள்? "நாளைக்குப் பேசிக்கலாம்" என்று தரகர் இருவரையும் வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்த மகள் வெடித்துவிட்டாள்.

"வேணும்னுதானே பண்றீங்க? எத்தனை தடவை கெஞ்சி இந்த ஆளை வர வெச்சேன் தெரியுமா?"

"இந்த அறைக்கு இன்னும் தேவை இருக்கு அம்மாடி. உன் கண்ணு முன்னாலதானே வந்திருக்காங்க?"

"எத்தனை மாசத்துக்கு ஒருத்தர்ப்பா? மீதி நாளெல்லாம்? நீங்க குளியலறையில வழுக்கி விழுந்தா யாருக்குத் தெரியும்? கடையில நிக்கும்போது போன் அடிச்சாலே எனக்கு நெஞ்சு பதறுது. நீங்களா இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேதான் எடுக்கறேன். அது எனக்கு எப்படி இருக்கும்னு நினைச்சுப் பார்த்தீங்களா?"

விசாரணையார் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் தனியாத்தான் இருக்கேன். இல்லைன்னு சொல்லல. சாயங்காலம் ஆனா யார்கிட்டயாவது ஏதாவது கேக்கணும்போல இருக்கு. 'சாப்டியா'ன்னு கேக்கக்கூட ஆள் இல்ல. ஆனா உங்கூட வந்துட்டா, இதை நான் யார் கையில குடுத்துட்டு வர்றது? எங்கப்பா என் கையில குடுத்துட்டுப் போனார். நான் தரகர் கையிலயா குடுக்கறது?"

"என் கையில குடுக்கறதுக்கு என்ன?"

"நீ கடையை விட்டுட்டு வருவியா?"

அவள் போனைக் கையில் எடுத்தாள். "தம்பிகிட்ட பேசறேன். நான் சொன்னா உங்களுக்கு ஏறாது. அவனும் சொல்லட்டும்."

"அவன் எடுக்க மாட்டான்."

"எனக்கு எடுப்பான்."

எண்ணை அழுத்திவிட்டு போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

வாசலறைக்குள் ஒரு போன் மணி அடித்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் இணைப்பைத் துண்டித்தாள். உள்ளே மணி நின்றது.

"இன்னொரு தரம் அடி" என்றார் விசாரணையார். குரல் அவருடையதாகவே இல்லை. ஒரே ஒரு சாட்சியை நம்பி அவர் எந்த அறிக்கையும் எழுதியதில்லை.

அவள் மறுபடி அழுத்தினாள். உள்ளே மணி ஒரு முறை அடித்தது, அவசரமாக அடக்கப்பட்டது.

"டேய்!" என்று மகள் கதவை நோக்கிப் பாய்ந்தாள். ஓங்கிய கையை அவர் எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"தட்டாதே."

"அப்பா, உள்ள இருக்கறது உங்க பையன்!"

"தெரியுது. தட்டாதே."

"சொந்த வீட்டுக்கு வந்துட்டு, திருட்டுத்தனமா வாசலறையில... என்னன்னு கேக்க வேண்டாமா? வேலை போயிடுச்சா? வீட்டுல சண்டையா? அவன் பொண்டாட்டி, குழந்தை எல்லாம் எங்க?"

இத்தனையும் அவருடைய நெஞ்சுக்குள்ளும் முட்டிக்கொண்டுதான் இருந்தன. இதற்கு மேலும் இருந்தன. ஏன் இளைத்திருக்கிறான், இல்லை, இளைத்திருக்கிறானா? என்னிடம் வந்தானா, என்னிடமிருந்து ஒளிய வந்தானா? பக்கத்திலேயே அவனுடைய பழைய அறை இருக்கிறது, கட்டில்கூட அப்படியே இருக்கிறது. அங்கே போகாமல் இங்கே ஏன்?

கடைசிக் கேள்வியை வாய்விட்டே கேட்டுவிட்டார்.

மகள் அவரைப் பார்த்தாள். கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. மெதுவாகச் சொன்னாள்.

"வீட்டுல மத்த எந்த அறைக்குப் போனாலும் நீங்க கேள்வி கேப்பீங்கப்பா. இங்க ஒண்ணுலதான் கேக்க மாட்டீங்க."

அது முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. கோபப்பட இடமில்லாத அறை. மருந்துக்கடைக்காரி வேண்டுமென்று சொல்லவில்லை, உண்மையைச் சொன்னாள். மகன் சின்னவனாக இருந்தபோது உடைந்த கண்ணாடிக்கும் குறைந்த மதிப்பெண்ணுக்கும் இவர் நடத்திய விசாரணைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அப்போதெல்லாம் அந்தப் பயல் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். இப்போது முந்தானையும் இல்லை. மீதி இருப்பது அவள் காத்த இந்த ஒரு கதவுதான்.

அவருக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொள்ளவில்லை, அழுதார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் அசைவும் இல்லை.

*

இருட்டத் தொடங்கியதும் விசாரணையார் எழுந்தார். சூப் வைத்தார். ரொட்டியின் ஓரத்தை வெட்டும்போது கை நின்றது.

"அவன் ஓரத்தை விட மாட்டானே அம்மாடி. ஓரத்துக்குத்தானே உங்கூட மல்லுக்கட்டுவான்?"

"பசி இருந்திருக்காது."

"பசி இல்லாதவன் முட்டையை மட்டும் சாப்பிடுவானா?"

கணக்கு இடித்தது. ஆனாலும் வெட்டிய ஓரங்களைத் தனியே ஒரு கிண்ணத்தில் போட்டுத் தட்டிலேயே வைத்தார், எதற்கும் இருக்கட்டும் என்று. முக்காலியில் தட்டை வைத்துவிட்டு உள்கதவுக்கு முன்னால் நின்றார். மகளும் வந்து பின்னால் நின்றாள்.

இந்த இடத்தில் நின்று அவர் ஜெபம் பண்ணியதே இல்லை. மனைவி பண்ணுவாள், இவர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே இருப்பவர் யாராக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பார். இன்றைக்கு யார் என்று தெரியும். தெரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது. ஜெபத்தையே ஒரு விசாரணையாக்கிவிடலாம். 'ஆண்டவரே, இவன் ஏன் இப்படி' என்று ஆரம்பித்தால் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடும், சட்டத்தையும் மீறியதாக ஆகாது. நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்து நிறுத்தினார்.

"ஆண்டவரே" என்றார். "இந்த வீடு உம்மோடது. உள்ள இருக்கறவங்களுக்கு நல்ல தூக்கத்தைக் குடும். அவங்க சுமை எதுவோ அது உமக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேண்டாம். சாப்பாட்டை ஆசீர்வதியும். ஆமென்."

"ஆமென்" என்றாள் மகள், பின்னாலிருந்து.

அவர் குனிந்து தட்டைக் கதவுப் பக்கம் நகர்த்தினார். அவ்வளவுதான், திரும்பிவிட்டார்.

அப்போது கதவுக்கு அந்தப் பக்கம், தாழ்ப்பாளுக்கும் கீழே, முழங்கால் உயரத்திலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிக்கிறதுபோல், ஒரு சொல்லும் விடாமல் கணீரென்று சொன்னது.

"ஆமென். தண்ணி வெளியில இருக்கு, போர்வை பெட்டியில இருக்கு."

"ஷ்..." என்று ஓர் ஆண்குரல் தடுத்தது.

"அவங்க பாதியிலயே நிறுத்திட்டாங்கப்பா" என்று புகார் சொன்னது சின்னக் குரல். "நாம தினம் முழுசாத்தானே சொல்லுவோம்?"

விசாரணையார் கதவின் பக்கம் திரும்பினார்.

அந்த வார்த்தைகள் இந்த வீட்டில் ஒலித்து எத்தனையோ நாளாயிற்று. அம்மா சொன்னதை அப்படியே, தண்ணீரையும் போர்வையையும்கூட விடாமல், மகன் தன் மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். குட்டி அதையும் ஜெபம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. கேட்டபோது வராத பதில், கேட்காமல் நின்றபோது வந்தது.

மகள் அவர் காதருகே வந்தாள். "குட்டியும் இங்கதான் இருக்கா! அப்போ அவ அம்மா எங்கப்பா? தனியா எதுக்கு இவன் கூட்டிட்டு வந்தான்?"

அவர் தலையை ஆட்டினார். தெரியாது, கேட்கவும் போவதில்லை. அப்போதுதான் அவர் கண் முக்காலியில் விழுந்தது. சூப் இருந்தது, ரொட்டி இருந்தது, ஓரங்கள் கிண்ணத்தில் இருந்தன. தண்ணீர் இல்லை. கூஜாவைக் கொண்டுவந்து வைக்கிறது எப்போதும் மனைவியின் வேலை, இவருக்கு அது நினைவிலேயே இல்லை.

"ஐயோ, தண்ணி!" என்றார் விசாரணையார்.

தண்ணீர் வெளியே இருக்கிறது என்று குழந்தை சொல்லிவிட்டாள். அவள் சொன்னது பொய்யாகக் கூடாது. அந்த வயதில் எத்தனை வேகமாக முடியுமோ அத்தனை வேகமாகச் சமையலறைக்கு ஓடினார். கூஜாவைக் குழாயடியில் பிடித்தார். அவசரத்தில் பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. மறுபடி விளிம்புவரை நிரப்பினார். கேட்கக் கூடாது, எதையும் கேட்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே, கூஜாவை இரு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி கூடத்துக்குத் திரும்பினார்.

அவர் கூடத்துக்கு வந்த அந்த நேரத்தில், வாசலறையின் உள்தாழ்ப்பாள் மெல்ல விலகியது.